பின்பக்கத்துக் கைப்பிடிச் சுவர்

எங்கள் பயிற்சி மையத்தில் கட்டும் சுவர் எதுவும் மறுநாள் வரை நிற்காது. சிமெண்டை வீணாக்க முடியாது என்பதால் களிமண் குழைத்துத்தான் கட்டச் சொல்வோம். சாயங்காலம் பயிற்றுநர் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துத் தலையாட்டியதும், கட்டியவர்களே அதைப் பிரித்து, செங்கல்லைச் சுரண்டி அடுக்கிவிட்டுப் போவார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. கல் வீணாவதில்லை, காலையில் கொட்டகை துப்புரவாக இருக்கும்.

அங்கே ஆள் சேர்ப்பதும், பயிற்சி முடித்தவர்களை ஓசூரில் நடக்கும் கட்டட வேலைகளில் பழகுநர்களாகச் சேர்த்துவிடுவதும் என் பொறுப்பு. தளி, ஜவளகிரி பக்கம் ஊர் ஊராகப் போய், இங்கே எழும்புகிற கட்டடமெல்லாம் வெளியூர் ஆட்கள் கையால் எழும்புகிறது, உள்ளூர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கலாமா என்று பேசுவேன். பெண்கள் உட்கார்ந்திருந்தால் கூடுதலாக ஒன்று சொல்வேன்: சித்தாளாகவே சட்டி தூக்கிக் காலம் தள்ள வேண்டியதில்லை, நீங்களும் கொத்தனாராகக் கரண்டி பிடிக்கலாம்.

அதைக் கேட்டு ஜவளகிரியிலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பதைத் தாண்டியவர், வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். பயிற்சி முடிந்ததும் அவரை ஒரு காண்ட்ராக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். இந்தம்மா கட்டி இன்றைக்கும் நிற்கிற சுவர் ஒன்றைக் காட்டுங்கள், பழகுநராக எடுத்துக்கொள்கிறேன் என்றார். காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் பிரித்து அடுக்கியிருந்தோம்.

நான் வீட்டில் மாடி எடுத்துக்கொண்டிருந்தது மையத்தில் எல்லோருக்கும் தெரியும். திரும்பும் வழியில் பேருந்தில் அந்தப் பெண் கேட்டார்: "சார், உங்க மாடியில ஒரே ஒரு சுவர் குடுங்க. நின்னா அதைக் காட்டிக்கலாம்."

மேஸ்திரியிடம் மொத்தமாகப் பேசிவிட்டேன், நடுவில் வேறு ஆளை நுழைத்தால் கோபித்துக்கொள்வார் என்றேன். மேஸ்திரியை நான் கேட்டே பார்க்கவில்லை. வீட்டில் இதைச் சொன்னபோது, பழகிக்கொள்வதற்கு அவர்களுக்கு நம் வீடுதான் கிடைத்ததா என்றாள் மனைவி. என் மனதில் இருந்ததும் அதுதான். அவள் வாயிலிருந்து வந்தது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று.

சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் ஆட்களுக்கு டீ எடுத்துக்கொண்டு படியேறினேன். எனக்கு முன்னால், தலையில் கலவைச் சட்டியோடு அதே பெண் ஏறிக்கொண்டிருந்தார். கூலிக்கு ஆட்கள் நிற்கிற முனையிலிருந்து மேஸ்திரி அன்று கூப்பிட்டு வந்த சித்தாள். யார் வீடு என்று தெரியாமல் வந்திருக்கிறார். திருப்பத்தில் என்னைப் பார்த்து நின்றார். தலை அசைக்க முடியாததால் கண்ணை மட்டும் தாழ்த்தினார்.

"உங்க வீடுங்களா சார்?" என்றார்.

மேலே போய், இவங்களுக்குச் சுவர் கட்டத் தெரியும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

"ஏன் சார், ஊரெல்லாம் போயி பொம்பளைங்களைக் கரண்டி பிடிக்கச் சொல்றது நீங்கதானே? உங்க வீட்டுல மட்டும் சட்டியா?"

மற்ற ஆட்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்காமல் சட்டியை இறக்கி வைத்தார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இப்போதே கொடுக்கிறேன், எனக்கு ஒன்றுமில்லை என்றார் மேஸ்திரி. கோபம் எதுவும் அவருக்கு இல்லை.

அப்போதாவது நான் ஒழுங்காக நடந்திருக்கலாம். மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர்தான் பாக்கி. தெருப்பக்கமும் தொடங்கவில்லை, பின்பக்கமும் தொடங்கவில்லை. "பின்பக்கம் குடுங்க" என்றேன். அந்தப் பக்கம் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் இருக்கிறது. சுவர் கோணலானாலும் யார் கண்ணிலும் படாது. அந்தப் பெண் தெருப்பக்கத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

சுவர் நின்றது. பூசுவதற்கு முன் காண்ட்ராக்டரை வரவழைத்தேன். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், உள்ளங்கையை வைத்துத் தள்ளிப் பார்த்தார், திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். இறங்கப் போனவர் தெருப்பக்கம் மேஸ்திரி கட்டியிருந்த சுவரைப் பார்த்து நின்று, இந்தப் பக்கத்தை ஏன் இந்தம்மாவுக்குக் கொடுக்கவில்லை என்று என்னிடம் கேட்டார்.

அந்தப் பெண் முந்திக்கொண்டார்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே அது முடிஞ்சிருச்சுங்க."

அது பொய் என்று நான் சொல்லவில்லை. காண்ட்ராக்டர் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார். அவர் பின்னால் அந்தப் பெண். அவர்கள் வாசலைத் தாண்டும்வரை நான் மாடியிலேயே நின்றேன்.