என்ஜினுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு அப்பாவைவிட வயது அதிகம். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் எப்போதோ இருந்த ஒரு துரை விட்டுப்போனது. பெக்டரி ஸ்டோரைச் சுத்தம் செய்து அதை வெளியே தள்ளியபோது, அங்கே மெசின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த அப்பா கேட்டு வாங்கி உருட்டிக்கொண்டு வந்தார். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு நிறுத்தினார். "வீடே மழைக்கு ஒழுகுது, இதுக்குப் புதுத் தகரமா?" என்று அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது.

அந்த வருடம் அக்காவுக்குச் சாதாரண தரப் பரீட்சை, அதுவும் மாத்தளை டவுனில். முதல் பஸ் போய்ச் சேருவதற்குள் பரீட்சை தொடங்கிவிடும். மழையில் உடைந்த எங்கள் ரோட்டில் ஆட்டோ ஏறாது. டவுனில் தங்கவைக்கச் சொந்தக்காரர் யாரும் இல்லை. "நான் கொண்டுபோய் விடுறேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்தார். கொடுத்த அன்று என்ஜின் துண்டு துண்டாகக் கிடந்தது.

தேய்ந்த சிலிண்டரைக் கண்டியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து உள்ளே கடைந்து போர் பண்ணி, அதற்கேற்ற பிஸ்டனும் தேடிக் கொண்டுவந்தார். கழற்றிய சாமான்களைக் கொழுந்துச் சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பியிருந்தார். அந்த வரிசையைக் கலைத்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

ஆயுத பூஜை வந்தது. அப்பா பெக்டரி பூஜைக்குப் போயிருந்தார். அம்மா கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, எங்கள் புத்தகங்கள் எல்லாவற்றையும் சாமிக்கு முன்னால் அடுக்கிவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எட்டு வயதான என்னிடம் தந்தார்.

"ஷெட்டுல இருக்கிறதுக்கும் பொட்டு வச்சிட்டு வா. ஒன்னையும் விட்டுறாத."

நான் சொன்னதைச் செய்கிற பிள்ளை. நட்டு, போல்ட், பிஸ்டன் என்று ஒன்றையும் விடவில்லை. கிராங்க் என்று அப்பா சொல்லும் கனத்த இரும்பில் பொட்டளவில் ஓர் ஓட்டை இருந்தது. பொட்டு வைக்கவென்றே செய்த இடம் என்று எனக்குத் தோன்றியது. உதிர்ந்துவிடக் கூடாதே என்று சந்தனத்தை ஈர்க்குச்சியால் உள்ளே குத்திக் குத்தி நிறைத்தேன்.

அப்பா வந்து பார்த்துச் சிரித்தார். மறுநாள் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். வெளியெல்லாம் பளபளத்தது.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது என்ஜின் உறுமியது. லயமே ஷெட்டுக்கு முன்னால் கூடிவிட்டது. அக்கா கைதட்டினாள். அப்பா மட்டும் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். என்ஜினுக்குள் போன எண்ணெய் சுற்றி வந்து அங்கே விழ வேண்டும். விழவில்லை. உடனே நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் உள்ளே எல்லாம் இறுகிப்போயிருக்கும்.

மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினார். பெக்டரி வேலை முடிந்து வந்தால் சாப்பாடுகூட ஷெட்டில்தான். அக்கா புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அழுதாள். அம்மா விடுவாரா?

"பெக்டரி மெசினெல்லாம் கழட்டிப் பூட்டுறீங்க, இத ஒழுங்கா பூட்டத் தெரியலயா? புள்ள பரீட்சைக்குப் போகாட்டி என்னா செய்வீங்க?"

அப்பா கம்பியால் கிராங்கின் ஓட்டையைக் குடைந்துகொண்டிருந்தார். கம்பி நுனியில் மஞ்சளாக வந்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"என் தப்புதான். எண்ணெ போற ஓட்டைய ஊதிப் பாக்காம பூட்டிட்டேன்."

"நல்ல பிட்டர்தான் போங்க" என்றார் அம்மா. நானும் சேர்ந்து சிரித்தேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. வளர்ந்து விஷயம் புரிந்த பிறகு ஒருமுறை நன்றி சொல்ல ஆரம்பித்தேன். "வண்டியில பெட்ரோல் இருக்கா பாரு" என்று அப்பா பேச்சை மாற்றிவிட்டார். எனக்கு விழ வேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்ட அந்த மனிதருக்கு நான் மகளாகப் பிறந்தது என் பாக்கியம்.

பரீட்சை நாள் ஒவ்வொன்றும் விடியற்காலைப் பனியில் அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு நாளும் பிந்தவில்லை. அக்கா இப்போது விஞ்ஞானம் படிப்பிக்கிறாள்.

அடுத்த ஆயுத பூஜையன்று, பெக்டரிக்குப் போகுமுன் அப்பா என்னைக் கூப்பிட்டார். சந்தனக் கிண்ணத்தைத் தந்து, என் மணிக்கட்டைப் பிடித்து, "இங்க வைம்மா, இங்க ஒன்னு வை" என்று முன்விளக்கிலும் பெட்ரோல் டாங்கியிலும் ஹேண்டிலிலும் வைக்கச் செய்தார். அக்காவுக்குக்கூட அந்த உபசாரம் நடந்ததில்லை. வண்டிக்குப் பொட்டு வைக்க என்னைவிட்டால் ஆளில்லை என்று அப்பா நினைக்கிறார் போலும் என்று பெருமைப்பட்டு, அன்று முழுக்க நான் கை கழுவவில்லை.