மூலையில் ஒரு மரம்

சிவாஜிநகரில் சாமி படங்களுக்கு பிரேம் போடும் கடைக்காரர் அவர். விரலெல்லாம் பசை, காதில் பென்சில், வாயில் எப்போதும் பாக்கு. எந்தப் படத்தையும் தலைகீழாக வைத்துத்தான் அளப்பார். இந்த ஆளுக்கு வாட்டர்கலரைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்ற இளப்பத்தோடுதான், நான் முதன்முதலாக வரைந்த அல்சூர் ஏரியை நீட்டினேன்.

அதையும் தலைகீழாகவே வைத்தார். 'ட' போல வெட்டிய இரண்டு அட்டைகளை அதன்மேல் நகர்த்தி, ஏரி, வானம், படகு எல்லாவற்றையும் மறைத்தார். மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மரம் மட்டும் மிஞ்சியது.

"இத மட்டும் பிரேம் பண்ணலாம் சார். மிச்சத்துல ரொம்ப கை வெச்சுட்டீங்க."

"ஒரு மாசம் உட்கார்ந்து வரைஞ்சதுங்க அது!"

"தெரியுது சார்."

என்ன திமிர்! படத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ஆத்திரம் அடங்காமல் நானும் அட்டையை வைத்து மறைத்துப் பார்த்தேன். மரம் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பாக்கு வாய்க்காரர் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்னும் புரியவில்லை. அந்த மரத்தை வரைந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒரு போன் வந்தது. பேச எழுந்து போனவன், மறுபடி அதில் கை வைக்க மறந்துவிட்டேன்.