தூக்கிச் சாத்த வேண்டிய கதவு

பழைய காரின் கதவு தொங்க ஆரம்பித்தால், கீலைத் தொடுவதற்கு முன்பே வீட்டில் ஒருவர் தலையில் பழியை மாட்டிவிடுவார்கள்; எங்கள் வீட்டில் அந்தத் தலை என்னுடையது. பழைய கார் வைத்திருக்கும் சக துன்பவாசிகளே, நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

தீர்ப்பு முதலில்

எங்கள் காருக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். அதன் டிரைவர் பக்கக் கதவு ஒரு விரற்கடை இறங்கி, பூட்டில் விழாமல் முட்டிக்கொண்டு நின்றது. விவாதத்தில் தோற்றால் நான் கதவை அறைந்து சாத்துவேனாம், அதனால் வந்த வினையாம். நான் விவாதத்தில் தோற்றதே இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கதவை நான் தொட்டதே இல்லை. லைசன்ஸ் வாங்கி எட்டு மாதமாகியும் அப்பா ஓட்டக் கொடுத்தால்தானே? கொழிஞ்சாம்பாறையிலிருந்து இரண்டு பஸ் மாறிக் காலேஜுக்குப் போகிறேன். இதையெல்லாம் எடுத்துச் சொல்லிச் சாவி கேட்டேன். அப்பா சொன்னார்: "கதவையே ஒழுங்காச் சாத்தத் தெரியாதவளுக்குச் சாவி எதுக்கு?"

மாமாவுக்கு மட்டும் சலுகை

போன வருஷம் எங்கள் கேட்டிலேயே காரை உரசிய ஆள் மாமா, அம்மாவின் தம்பி. இந்த முறை வந்தபோது அவர் வாயைத் திறக்கும் முன்பே சாவி கைக்குப் போனது. கூடவே பாடமும் நடந்தது: கதவைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், உள்ளே இழுக்க வேண்டும், முழங்கையால் ஒரு இடி கொடுக்க வேண்டும். மூன்று முறை முயன்று, வேர்த்து வழிந்து, மாமா சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "மச்சானுங்க, இந்த வண்டிக்கு லைசன்ஸு பத்தாதுங்க, குஸ்தி படிச்சிருக்கோணும்."

வீடியோவோடு வாக்குவாதம்

அப்பா ஒரு கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சிக்குப் பஸ்ஸில் போன அன்று, போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, கதவை நானே சரிசெய்ய ஆரம்பித்தேன். பாதி திறந்த கதவின் நுனியைப் பிடித்துத் தூக்கினால் கீலில் ஆட்டம் தெரிந்தது. கீலுக்குள் ஆணி மாதிரி இருக்கும் 'பின்' தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கதவுக்கடியில் ஜாக்கி, அதன்மேல் பலகை, பலகைமேல் மடித்த சாக்கு. கதவு அளவுக்கு மேல் விரியாமல் தடுக்கும் பட்டையைக் கழற்றினேன். முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்த பின்னைக் கீழிருந்து தட்டினேன்.

மேல் கீலை முடித்த பிறகே கீழ் கீலைத் தொடச் சொன்னது வீடியோ. இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் நேரம் மிச்சமாகாதா என்று எனக்குப் பட்டது. கழற்றினேன். கதவு மொத்தமாகச் சாய்ந்து, ஜாக்கி பக்கத்தில் நின்ற அம்மாவின் அணைப்புக்குள் போனது. இருவருமாகச் சுமந்து கட்டிலில் படுக்க வைத்தோம். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "ஒண்ணொண்ணாக் கழட்டச் சொன்னானில்ல, அவங்கூடயுமா வாதாடுவே?"

லேத்துக்காரரின் சாட்சி

இந்த மாடலுக்குக் கீல் பின் இப்போது வருவதில்லை என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கைவிரித்துவிட்டார்கள். தண்ணீர் மோட்டாருக்குப் புஷ் கடைந்து தரும் லேத்துக்காரரிடம் போனேன். இரண்டு பின்களும் பென்சில் கனம். ஒரே பக்கத்தில் மட்டும் எலி கரண்டிய மாதிரி பள்ளம். புதுப் பின்னும், அதைச் சுற்றி உட்காரும் பித்தளை வளையமான புஷ்ஷும் கடைந்துகொண்டே, கதவு எப்படிக் கெட்டது என்று விசாரித்தார். நான் அறைந்து சாத்தியதால் என்று வீட்டில் பேச்சு என்றேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டார். "அறைஞ்சா பூட்டுத்தானுங்க அம்மிணி கெடும். பின்னு இப்பிடி ஒரே பக்கமாத் தேயோணும்னா, தெறந்து வெச்ச கதவுல தெனமும் யாரோ சாஞ்சு நின்னு பேசியிருக்கோணும்."

சாய்ந்து நின்றவர்

அது யார் என்று ஊருக்கே தெரியும். தினமும் சாயங்காலம் பால் சொசைட்டி முன்னால் காரை நிறுத்தி, கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளேயே விட்டுக்கொண்டு, இரண்டு முழங்கைகளையும் கதவின்மேல் ஊன்றி, ஆளியாற்றுத் தண்ணீர் ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று அரை மணி நேரம் பேசுகிறவர் அப்பா. எடை எண்பத்தைந்து கிலோ.

கல்யாணத்திலிருந்து அவர் திரும்பி வருவதற்குள் கதவை மாட்டி, கிரீஸும் வைத்துவிட்டோம். ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார், டக்கென்று பூட்டிக்கொண்டது. மறுபடி திறந்து மறுபடி சாத்தினார். தேய்ந்த பின்களை அவர் உள்ளங்கையில் வைத்து, லேத்துக்காரர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். துணைக்கு அம்மாவைப் பார்த்தார். அம்மா டீ போடப் போய்விட்டாள். அப்பாவை மன்னிப்புக் கேட்க வைக்கும் கருவியை எந்த லேத்திலும் கடைந்து தருவதில்லை. பின்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதே பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"நீயே ஓட்டு சாமி. இனிமே நானு இடதுபக்கக் கதவுல சாஞ்சுக்கறேன்."