தண்டவாளம் இல்லாத கேட்

கன்னடம் பேசும் ஆனேக்கல் பக்கம் ஒரு சின்ன ரயில் கிளைப்பாதைக்கு மண்மேடு மட்டும் போட்டுவிட்டு, தண்டவாளம் போடாமலே விட்டுவிட்டார்கள். ஆனால் அது சாலையைக் கடக்கும் இடத்தில் கேட்டும் இருந்தது, கேட்மேனும் இருந்தார். அவர் இன்னும் தேவைதானா என்று பார்த்து எழுத, ஐம்பதுகளில் ஒருநாள் ரயில்வே ஆபீஸிலிருந்து என்னை அனுப்பினார்கள்.

நான் போனபோது கேட் மூடியிருந்தது. வெளுத்த காக்கிச் சட்டையைக் கழுத்துப் பித்தான்வரை போட்டிருந்த கேட்மேன், பச்சைக் கொடியை நீட்டியபடி, கொள்ளு விளைந்திருந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாட்டுவண்டிக்காரரும் கேட் திறக்கக் காத்திருந்தார்.

“ரயிலே இல்லையே, எதுக்கு மூடுறீங்க?” என்றேன்.

“ஸ்வல்ப நில்லுங்க சார். காலையில ஒருவாட்டி, சாயந்திரம் ஒருவாட்டி மூடணும்னு ஆர்டர். வேணாம்னு இன்னும் யாரும் சொல்லல.” பிறகு சிரிக்காமல் சொன்னார்: “என் கேட்ல இதுவரைக்கும் ஒரு ஆள் அடிபட்டதில்ல. அதையும் எழுதிக்குங்க.”

ஆபீஸில் கொடுத்த படிவத்தில் எழுதினேன். விபத்து: இல்லை. கேட்மேன் வேலை: குறையில்லை. ரயில் வருகிறதா என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

அவர் வேலை நிலைத்தது. நான் எழுதியதில் எது பொய் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.