அசையாத ரியர் சைட்

துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கோபத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் துப்பாக்கி சுடும் க்ளப்பில் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள். எனக்கோ கோபம் எப்போதும் மூக்கு நுனியில். ஆபீஸில், பெஹாலா ட்ராஃபிக்கில், மீன்கடை வரிசையில் எல்லாம் பொரிந்து தள்ளுகிறவள், ஏர் பிஸ்டலை நீட்டிப் பிடித்தால் மட்டும் அடங்கிவிடுவேன். அதனால்தான் இந்த விளையாட்டை இத்தனை வருஷமாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் போல.

அந்தச் சனிக்கிழமை அடங்கவில்லை.

துர்கா பூஜைக்காக மூடியிருந்த பயிற்சி ரேஞ்ச் அன்றுதான் திறந்தது. மறுநாள் காலை வங்காள மாநில அணிக்கான தேர்வு. கையைப் பழக்கிக்கொள்ள அந்த ஒரு மதியம்தான் இருந்தது. முதல் குண்டு வலப்பக்கம் போனது. சரி, கை இன்னும் பதமாகவில்லை என்று விட்டேன். அடுத்ததும் வலம். அதற்கப்புறம் சுட்டதெல்லாம் மையத்துக்கு வலப்பக்கமாக, ஒரே இடத்தில் கொத்தாகப் போய் உட்கார்ந்தது. கை தப்பினால் குண்டுகள் அங்குமிங்கும் சிதறும். இப்படிக் கொத்தாக ஒதுங்கினால் தப்பு கையில் இல்லை, ரியர் சைட்டில் இருக்கிறது.

ரியர் சைட் என்பது பிஸ்டலின் பின்பக்கம், மேலே இருக்கிற சின்ன இரும்புத் தகடு. நடுவில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டின் வழியாக முன்னால் உள்ள முனையைப் பார்த்துத்தான் குறி வைப்போம். குண்டு வலப்பக்கம் போனால் தகட்டை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்த வேண்டும். அதற்குப் பக்கவாட்டில் ஒரு திருகு உண்டு. பொடி ஸ்க்ரூடிரைவரால் திருப்பினால் டிக்கென்று ஒரு சத்தம் வரும், தகடு மயிரிழை நகரும். அவ்வளவுதான் வேலை.

திருப்பினேன். டிக்கும் இல்லை, டொக்கும் இல்லை. இன்னும் அழுத்தினேன். கல்லில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

எங்கள் க்ளப்பில் பிஸ்டல் ரிப்பேர் பார்க்கிறவரை அண்ணன் என்கிற அர்த்தத்தில் தாதா என்போம்; அவர் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தார். லக்ஷ்மி பூஜை முடியாமல் திரும்ப மாட்டார். இந்த ஊரில் பூஜை வாரத்தில் பல்வலி வந்தாலே திண்டாட்டம், பிஸ்டலுக்கு வைத்தியத்துக்கு எங்கே போவது? யாரிடமாவது இரவல் வாங்கலாம் என்றால், என் பிஸ்டலின் மரப்பிடி என் விரல்களுக்கென்றே செதுக்கியது. வேறு பிடியில் என் கை நிற்காது. 'தூர் பாபா!' என்று பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பாவம், சில்லறை கேட்டதற்கு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒரு இரும்புத் தகட்டுக்கு ஏன் இந்தப் பதற்றம்? என் கணவருக்கு வங்கியில் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்திருந்தது. அவர் திருநெல்வேலிக்காரர். வேலைக்காக வந்து, என்னைக் கட்டிக்கொண்டு, எத்தனையோ வருஷம் ஆன பிறகும் இந்த ஊர் அவருக்கு ஒட்டவில்லை. நானோ இங்கேயே பிறந்து, தமிழைவிட வங்காளத்தில் சுலபமாகச் சண்டை போடுகிறவள். பிள்ளைகள் கிடையாது, நாங்கள் இரண்டே பேர்தான். பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். மாநில அணியில் எனக்கு இடம் கிடைத்தால் நான் இங்கேயே இருந்து தேசியப் போட்டிக்குத் தயாராவது. கிடைக்காவிட்டால் நானும் மாற்றல் வாங்கிக்கொண்டு அவரோடு போய்விடுவது. போன வருஷம் ஒரே ஒரு பாயிண்டில் கோட்டை விட்டிருந்தேன். நாற்பதைத் தாண்டியவள், புது மாநிலத்தில் போய் வரிசையின் கடைசியில் நின்று, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பது என்பதெல்லாம் நடக்கிற காரியமா? போனால் அதோடு விளையாட்டு முடிந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார், கதவைத் திறந்ததும்.

"சைட் நகர மாட்டேங்குது."

"எண்ணெய் விட்டுப் பாரேன்."

"இதென்ன தையல் மெஷினா?" என்று விழுந்தேன். பிறகு, வேறு வழி தெரியாமல், எண்ணெய்தான் விட்டேன்.

சாப்பாட்டு மேஜைமேல் துண்டை விரித்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்து, காற்று சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எண்ணெய் இறங்கட்டும் என்று காத்திருந்து திருப்பினேன். அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் திருப்பியபோது ஸ்க்ரூடிரைவர் வழுக்கிவிட்டது. திருகின் தலையில் இருந்த வெட்டு ஒரு ஓரத்தில் பிசிறடித்துப் பளபளத்தது. இன்னும் இரண்டு தரம் இப்படி வழுக்கினால் வெட்டு மழுங்கிவிடும். அப்புறம் ஸ்க்ரூடிரைவருக்குப் பிடியே கிடைக்காது.

"குறடு எடுத்துட்டு வரவா?"

"கிட்ட வந்தீங்கன்னா பாருங்க."

வழக்கமாக இப்படிச் சொன்னால் டிவி பக்கம் போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், ஃபேனைக் குறைத்தார், மறுபடி உட்கார்ந்தார்.

சூடுபட்டால் இறுகினது இளகும் என்று நினைத்து, தலை உலர்த்துகிற ட்ரையரைக் கொண்டுவந்து ரியர் சைட்டின்மேல் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை எழுந்தது. எண்ணெய் வாசனை இல்லை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். சந்தனம். பல்குத்தும் குச்சியைத் திருகின் இடுக்கில் விட்டு எடுத்தால், நுனியில் மஞ்சளாக, எண்ணெயில் ஊறிப் பிசைந்த மாவு மாதிரி வந்தது.

ஆயுத பூஜையை என் கணவர் விடவே மாட்டார். தெரு முழுக்கப் பந்தல்களில் டாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்த நவமியன்று, எங்கள் வீட்டுக்குள் லேப்டாப், மிக்ஸி, குக்கர், ஸ்கூட்டர் சாவி எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பிஸ்டல் பெட்டியும் இருந்தது. என் கண்டிஷன் ஒன்றுதான்: பொட்டு பெட்டிமேல், பூட்டு திறக்கக் கூடாது.

ட்ரையரை அணைத்தேன்.

"பெட்டியைத் திறந்தீங்களா?"

அவர் எழுந்து போய் ஃபேனைக் கூட்டினார்.

"திறந்தீங்களா, இல்லையா?"

"திறந்தேன்."

என் வாய்க்குப் பூட்டு கிடையாது. "நான் ஊருக்கு வரணும், அதுக்குத்தானே? நேராச் சொல்லியிருந்தா நானே பெட்டியைக் கட்டியிருப்பேனே! பூஜை பேரைச் சொல்லி இப்படிக் கெடுக்கணுமா? உங்களுக்கு இந்த ஊரும் பிடிக்காது, நான் சுடுறதும் பிடிக்காது. ஒரு நாளாவது ரேஞ்சுக்கு வந்து எட்டிப் பாத்திருக்கீங்களா?"

இன்னும் என்னென்னவோ கத்தினேன். நான் பௌதி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அண்ணி ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவர் மேஜை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் பேசினார்.

"போன வருஷம் பெட்டி மேலதான் வெச்சேன். ஒரு பாயிண்டுல போயிட்டுது. நீ சரியாச் சாப்பிடக்கூட இல்ல. பெட்டிக்கு வெச்சது உள்ள எட்டலையோன்னு தோணிச்சு. அதான் இந்தத் தடவ பிஸ்டலுக்கே வெச்சேன். நீ எங்க கண்ணை வெச்சுப் பாப்பியோ, அங்கயே வெச்சேன்."

கையிலிருந்த குச்சியைத் துண்டின்மேல் வைத்தேன்.

"மறுநாள் நீ கீழ பௌதிங்களோட குங்குமம் பூசி சிந்தூர் விளையாடப் போயிருந்தப்ப, ஈரத்துணியால துடைச்சு வெச்சுட்டேன். அப்பத் திருகு திரும்பியிருக்கும் போல. சந்தனம் உள்ள இறங்கியிருக்கும்னு தெரியலம்மா."

"எவ்வளவுங்க வெச்சீங்க?"

"கொஞ்சம் தாராளமாத்தான்."

அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. "முதல்ல மருந்துக்கடைக்குப் போய் ஸ்பிரிட் வாங்கிட்டு வாங்க" என்றேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

சொட்டுச் சொட்டாக ஸ்பிரிட் விட்டு, குச்சியால் நோண்டி, பஞ்சால் ஒற்றி எடுத்தோம். அவர் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் திருகைத் தவிர மற்ற இடமெல்லாம் அலைந்தது. "ஒழுங்காப் பிடிங்க" என்றால் இன்னும் அலைந்தது. பஞ்சில் மஞ்சள் நிற்கும்வரை எடுத்தோம். பிறகு ஸ்க்ரூடிரைவரை, பிசிறில்லாத ஓரத்தில் அணைத்து வைத்து அழுத்தினேன். மணலை அரைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு.

டிக்.

"கேட்டுச்சா?" என்றார். என் காதில் மட்டும்தான் விழுந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தகடு நகர்ந்தது. ஆனால் சரியான இடத்துக்கு வந்ததா என்று சுட்டால்தான் தெரியும், பெஹாலா ஃப்ளாட்டில் எங்கே சுடுவது? போட்டிக்கு முன்னால் கொடுக்கிற சோதனைக் குண்டுகளை விட்டால் வழியில்லை.

மறுநாள் அவரும் வந்தார். பார்வையாளர் கண்ணாடிக்குப் பின்னால், ஆபீஸுக்குப் போகிற சட்டையில், இன் பண்ணிக்கொண்டு நின்றார். என் முதல் குண்டு இன்னும் வலப்பக்கம்தான் போனது. ஒரு டிக் வைத்துச் சுட்டேன், அதே இடம். இன்னொரு டிக், அதே இடம். திருகு மட்டும் சுற்றுகிறது, தகடு எங்கேயோ மாட்டிக்கொண்டு வர மறுக்கிறது. பிசிறடித்த வெட்டில் ஸ்க்ரூடிரைவர் ஆடியது. வழுக்கினால் அவ்வளவுதான், கோயம்புத்தூர் என்று நினைத்துக்கொண்டே இன்னொரு தரம் திருப்பினேன். தகடு சட்டென்று விடுபட்டது. அடுத்த குண்டு மையத்தைத் தாண்டி இடப்பக்கம் போனது. ஒரு டிக் பின்னால் வைத்தேன். பத்து, நட்டநடு மையம். அதற்குமேல் திருகைத் தொடவில்லை.

அணியில் கடைசிப் பெயர் என்னுடையது.

பட்டியலைப் படித்ததும் அவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் தூக்கினார். இன் பண்ணியிருந்த சட்டை வெளியே வந்துவிட்டது. முகமெல்லாம் பல். அப்புறம் கைகள் மெதுவாகக் கீழே இறங்கின. தனியாகப் போக வேண்டியது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்கும் அப்போதுதான் வந்தது.

டாக்ஸியில் திரும்பினோம். அலிப்பூரைத் தாண்டியதும், "குக்கரை நான் எடுத்துக்கறேன். மிக்ஸி உனக்கு இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் சாமான்களை நான்தான் கட்டினேன். குக்கர் மூடியில் ஆயுத பூஜைப் பொட்டு காய்ந்துபோய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் தாராளமான பொட்டுதான். தனியாகச் சமைக்கப் போகிற மனுஷன். வெயிட்டைக் கழற்றி, ஆவி போகிற துவாரத்தில் வாயை வைத்து ஊதிப் பார்த்தேன். காற்று தடையில்லாமல் போனது. நம்பாமல் இன்னொரு தரமும் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் துணியில் சுற்றி வைத்தேன்.