பிந்தி வந்தது ஜெனிற்றா அக்கா இல்லை

ஜெனிற்றா அக்கா போயிட்டா. இண்டைக்கு விடிய, எழுவைதீவில, தன்ர வீட்டில.

இருக்கவும் ஏலாமல் நிக்கவும் ஏலாமல் இதை எழுதுறன். பிழையள் இருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ...

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். நானும் அவவும் ஊர்காவற்றுறையில ஒரு நண்டுக் கொம்பனியில, ஒரே மேசையில நாலு வருசம் வேலை செய்தனாங்கள். அவிச்ச நண்டை உடைச்சுச் சதை எடுக்கிற வேலை. அக்கா ஒரு திருநங்கை. ஜெனிற்றா எண்ட பேர் அவவே தனக்கு வைச்சது.

நான் எடுத்த சதைக்குள்ள விரலை விட்டு ஓட்டுத்துண்டு தேடுவா. "வதனி, உன்ர நண்டைத் திண்டா ஒருத்தருக்கும் பல்லு மிஞ்சாது." ஒவ்வொரு நாளும் இதே கதை. எனக்குக் கோவம் வரும். ஆனா துண்டு இருக்கும்.

போன வருசம் வயித்துக்குத்துத் தொடங்கினது. மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில மூடி வைச்சிடுவா. நான்தான் இழுத்துக்கொண்டு போனனான். ஆஸ்பத்திரியின்ர பேர் வேண்டாம்.

முதல் பார்த்த டொக்டர் வயித்தில கை வைக்கவே இல்லை.

"எப்ப இருந்து இப்பிடி?"

"ரெண்டு மாசமா டொக்டர். சாப்பிட்டாக் குத்துது."

"அதில்லை. நீர் எப்ப இருந்து இப்பிடி?"

அக்கா கொஞ்சம் யோசிச்சா. "அதுக்கு மருந்து வேண்டாம் டொக்டர். வயித்துக்குத் தாங்கோ."

அக்கா போடுற ஹோமோன் குளிசைதான் காரணமாம். நிப்பாட்டட்டாம். நிப்பாட்டினா. மூண்டு மாசம்... முகத்தில மயிர் திரும்ப வளரத் தொடங்கி, வேலைக்குத் துணியால வாயை மூடிக்கொண்டு வந்தவ. குத்து மட்டும் நிக்கேல்லை.

பிறகு ஸ்கானுக்குத் துண்டு எழுதித் தந்திச்சினம். தீவில இருந்து முதல் படகு, பிறகு பஸ். போய்ச் சேர வரிசை வாசலுக்கு வந்திடும். கவுண்டரில இருந்த பொடியன் துண்டைப் பார்த்திட்டு, "இதில ஆண் எண்டு கிடக்கு. ஆள் எங்க?" எண்டான்.

"நான்தான் ஆள்."

"அப்ப துண்டை மாத்திக்கொண்டு வாங்கோ."

"தம்பி, எல்லாருக்கும் வயிறு ஒண்டுதான். அதைப் பாருங்கோவன்."

பார்க்கேல்லை. துண்டு மாத்த அடுத்த கிளினிக். அடுத்த கிளினிக் அண்டு கடல் சரியில்லை, படகு ஓடேல்லை. அதுக்கு அடுத்தது...

இன்னொரு நாள் மைக்கில பழைய பேரைக் கூப்பிட்டிச்சினம். ஒருக்கா, ரெண்டு தரம், மூண்டு தரம். அக்கா அசையேல்லை. ஆள் வரேல்லை எண்டு கிளினிக் கொப்பியை அடியில வைச்சிட்டினம். பின்னேரம் வரைக்கும் இருந்தனாங்கள்.

வெளியில வந்து நான் பேசினன். "எழும்பியிருக்கலாம்தானே அக்கா?"

"காது கேட்டது வதனி. கால் எழும்பேல்லை."

அண்டைக்கு அந்தப் பேர் கேட்டு சனம் திரும்பிப் பார்க்கேக்க, நானும் எழும்பி ஒரு கதிரை தள்ளிப் போய் இருந்தனான். அக்கா கண்டவ. இண்டைக்குக் காலமையில இருந்து இதுதான் எனக்குள்ள நிண்டு குடையுது.

கடைசியாக் குழாய் விட்டு வயித்துக்குள்ள இருந்து சின்னச் சதைத்துண்டு எடுத்தவை. ஒரு நேர்ஸ் மிஸ்ஸி, நல்ல பிள்ளை, பாவம் பார்த்துத் துண்டில ஜெனிற்றா எண்டு எழுதிவிட்டவ. அக்காவுக்கு அண்டைக்கு இருந்த சந்தோசம்! பஸ்ஸில முழுக்க அந்த மிஸ்ஸியின்ர கதைதான்.

சதை போட்ட போத்தலில அடையாள அட்டையில இருக்கிற பழைய பேர். துண்டில இந்தப் பேர். லாப்காரர் ரெண்டு ஆள் எண்டு சொல்லித் திருப்பி அனுப்பிப்போட்டினம். அது எங்களுக்குத் தெரிய வரவே ஆறு கிழமை. போன் எடுத்தா, "இன்னும் வரேல்லை, அடுத்த கிழமை எடுங்கோ." திரும்பவும் குழாய். திரும்பவும் காத்திருப்பு.

ரிப்போட் வந்தது. கான்சர்.

அண்டைக்கு இருந்தது வேற டொக்டர். ரிப்போட்டை வாசிச்சிட்டுத் தலையை ஆட்டினார். "ஏன் இவ்வளவு பிந்தி வந்தனீர்?"

அக்கா படகில தூவானத்துக்கு நனையாமல் பொலித்தீன் பையில சுத்தி வைச்சிருந்த துண்டுகள் எல்லாத்தையும் எடுத்து மேசையில வைச்சா. நான்தான் கத்தினன். "படகு பிந்தினது டொக்டர்! துண்டு பிந்தினது! உங்கட ஆக்கள் பிந்தினவை! இவ பிந்தேல்லை!" என்ர குரல் எனக்கே பிடிபடேல்லை. வெளியில இருந்த சனம் எட்டிப் பார்த்தது.

அவர் ஒவ்வொரு துண்டா எடுத்து வாசிச்சார். கன நேரம். பிறகு, "இருங்கோ அம்மா" எண்டார். அதுவரைக்கும் அக்கா நிண்டுகொண்டுதான் இருந்தவ.

ஆம்பிளையளின்ர வார்டில கட்டில் குடுத்தவை. ஒரு கிழமை இருந்தா. "வீட்டை போவம் வதனி" எண்டா. கூட்டிக்கொண்டு போனன்.

இப்ப எழுவைதீவுப் படகுக்கு இறங்குதுறையில நிக்கிறன். அவவின்ர தம்பியின்ர மனுசி கொஞ்சம் முந்திப் போன் எடுத்தவ. மெதுவாக் கதைக்கிறா. "அக்கா, வீட்டு ஆக்கள் வேட்டியும் சேட்டும் போடச் சொல்லினம். நான் ஏலாது எண்டு அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நிக்கிறன். என்ன உடுத்துறது?"

அலுமாரியில மேல் தட்டு, நீலச் சாறி எண்டு சொன்னன்.

"எனக்கு வடிவாக் கட்டத் தெரியாது. நீங்கள் வாங்கோ. நீங்கள் வரும்வரைக்கும் கதவு திறக்க மாட்டன்."

படகுக்காரர் இப்பதான் கயிறு அவிழ்க்கினம்.

வாறன் அக்கா. மடிப்பு நான் பிடிச்சுவிடுறன்.