அரை அவுன்ஸ் பிரேக் ஆயில்

மொபெட் வாங்கிய நாளிலிருந்தே அது வழியில் நின்றுவிடுமோ என்ற பயம் எனக்கு. சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போவேன். பெட்ரோலில் ஆயில் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும் என்று யாரோ சொல்லப்போக, ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே ஊற்றினேன். இரண்டு வருஷத்தில் எஞ்சினுக்குள் கரி அடைத்து, சின்ன ஏற்றத்துக்கே வண்டி திணறியது.

என் வீட்டுக்காரருக்கு அது வசதியாகப் போயிற்று. நான் வண்டி ஓட்டுவது அவருக்கு முதலிலிருந்தே ஆகாது.

"புளியங்குடியில ஒரு எலுமிச்சை யாவாரி வண்டி கேக்காரு. ஞாயித்துக்கிழமை வருவாரு, கொடுத்திருவோம். நீ பஸ்ல போ."

"பஸ்ஸு மணி அடிச்ச பெறவுல்லா அங்க போய்ச் சேருது?"

"அப்போ வேலைய விட்டிரு," என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

வண்டி நன்றாக இழுத்தால் விற்க மாட்டார் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் எதிர்வீட்டு லாரி டிரைவர் அண்ணாச்சியிடம் யோசனை கேட்டேன். பிரேக் ஆயில் டப்பா ஒன்றைக் கொடுத்தார்.

"பிளக்கைக் கழத்திட்டு அரை அவுன்ஸ் உள்ள ஊத்துங்க டீச்சர். மூணு மணி நேரம் ஊறினா கரி இளகிரும். பெறவு பிளக் இல்லாமலே பெடலை மிதிச்சு வெளிய தள்ளிருங்க. பெயின்ட்ல மட்டும் பட்டிரக் கூடாது, உரிஞ்சிரும்."

அந்த மூன்று மணி நேரமும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எஞ்சின் ஒரேயடியாகச் செத்துப்போனால் என்ன செய்வது? சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. பிறகு வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்தேன். பிளக் ஓட்டையில் பிடித்திருந்த துணி கன்னங்கரேலென்று நனைந்தது. பிளக்கைத் துடைத்து மாட்டிக் கிளப்பியதும் தெருவே வெள்ளைப் புகையில் மறைந்தது. போச்சு என்றுதான் நினைத்தேன். மெல்லப் புகை அடங்கி, சத்தம் சீரானது. ஏற்றத்தில் ஒரே மூச்சில் ஏறியது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பம் யாவாரி யோசிக்காம எடுத்துக்கிடுவாரு."

என் புத்தியை எதால் அடித்துக்கொள்வது?

ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போன நேரம். மிச்சமிருந்த பிரேக் ஆயிலில் துணியை நனைத்து டேங்க் முழுக்கத் துடைத்தேன். ஓர் இடத்தையும் விடவில்லை. வியாபாரி வந்தபோது நீல பெயின்ட் சுருங்கிச் சுருங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினைக் கிளப்பச் சொல்லக்கூட இல்லை, வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார்.

"என்னட்டி இது?" என்றார் வீட்டுக்காரர்.

"கை தவறிக் கொட்டிட்டு," என்றேன்.

திங்கட்கிழமை முதல் மணி அடித்தபோது நான் வகுப்பில் இருந்தேன்.